உன் கையைக் கட்டப்போகும் துணி

தம்பி,

இன்று காலை எழுந்ததும் முதலில் நான் செய்த காரியம், என் கைகளை நானே கட்டிப் பார்த்ததுதான். ஜெபம் சொல்லவில்லை, வாசல் தெளிக்கவில்லை, அடுப்பில் பால்கூட வைக்கவில்லை. பீரோவைத் திறந்து பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடந்த இரண்டு வெள்ளைத் துணிகளையும் எடுத்துக் கட்டிலில் விரித்தேன். முதலில் நான் வாங்கிய துணி. உள்ளங்கைகளைச் சேர்த்து வைத்து, மணிக்கட்டைச் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்தேன். நடுவில் ஜரிகை நூலில் பின்னிய சிலுவை உள்ளங்கையில் முள்ளாகக் குத்தியது. அடுத்ததைப் பார்க்கலாம் என்று அவிழ்க்கப் போனால் முடிச்சு இறுகிவிட்டது. அந்த நேரம் பார்த்து உன் அப்பா எழுந்து வந்தார்.

“காலங்காத்தால என்னா பண்ற?”

“ஒண்ணுமில்ல. இத கொஞ்சம் அவுத்து வுடுங்க.”

கண்ணாடி இல்லாமல் குனிந்து முடிச்சைத் தேடினார். “போலீஸ்காரன் புடிச்சிட்டுப் போறாப்புல கட்டி வச்சிருக்க. யார அடிச்ச?” என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்ட கேள்விக்கான பதிலைத்தான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குத் தெரியாதது இல்லை. இருந்தாலும் முதலிலிருந்து எழுதினால்தான் என் மனம் ஒழுங்காக நிற்கும். இன்னும் சில நாட்களில் வரதராஜன்பேட்டைக் கோயிலில் உனக்குக் குருப்பட்டம். ஆயர் உன் உள்ளங்கைகளில் தைலம் பூசுவார். தைலம் வழியாதபடி இரண்டு கைகளையும் சேர்த்து ஒரு வெள்ளைத் துணியால் கட்டுவார்கள். பிறகு பெற்றவர்களைக் கூப்பிடுவார்கள். நான் பீடத்தருகே வந்து கட்டை அவிழ்த்து உன் கையை முத்தமிட வேண்டும். அவிழ்த்த துணி எனக்கு. தைலம் ஊறிய அந்தத் துணியைத் தாய் துவைக்காமல் சாகும்வரை வைத்திருப்பாள். அவள் கண்ணை மூடியதும் அவள் கையில் அதைச் சுற்றி அடக்கம் செய்வார்கள். ஆண்டவர் முன்னால் போய் நிற்கும்போது ஒன்றும் பேச வேண்டாம், கையைக் காட்டினால் போதும் என்று நம் பக்கத்துப் பெண்கள் சொல்லுவார்கள். ஒரே பிள்ளையைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டு நிற்கிறவளுக்குத் திரும்பக் கிடைப்பது அந்த ஒரு முழத் துணிதான். உனக்குப் பேரன் பேத்தி இல்லையா என்று கேட்கிறவர்களிடம் எல்லாம் நான் மனதுக்குள் அந்தத் துணியைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன்.

அதனால் அதைப் பார்த்துப் பார்த்து வாங்கினேன். லப்பைக்குடிக்காட்டு பாய் கடையில் இருப்பதிலேயே நல்ல துணியாக எடுத்து, திருச்சியில் கொடுத்து நடுவில் பொன்னிறச் சிலுவை போட்டு வாங்கி வந்தேன். யாரிடமும் காட்டவில்லை. அது வீட்டுக்கு வந்து சில நாட்களில்தான் உன் பிலோ அத்தை வந்தாள்.

பிலோமினா, உன் அப்பாவுக்கு ஒரே தங்கை. கல்யாணப் பேச்சு எடுத்து எடுத்து, கடைசியில் எடுக்கவே ஆளில்லாமல் நின்றுபோனவள். வரதராஜன்பேட்டை வீட்டில் தையல் மெஷினோடு தனியாக இருப்பவள். ஆண்டிமடத்தில் ஏறி ஜெயங்கொண்டம், அரியலூர் என்று பஸ் மாறி மாறி, மத்தியான வெயிலில் முந்திரிப்பருப்புப் பையோடு நம் பெரம்பலூர் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணி, மொதல்ல தண்ணி குடுங்க. சண்டய அப்பறம் வச்சிக்கலாம்.”

“எதுக்குச் சண்ட?”

“நான் வந்தா ஒண்ணு வராமலா போயிடும்?”

தண்ணீர் குடித்து முடித்து, துணிக்கடைக் கவர் ஒன்றைப் பிரித்தாள். அதற்குள் ஒரு வெள்ளைத் துணி. பூ இல்லை, சிலுவை இல்லை. நான்கு ஓரமும் கையால் மடித்துத் தைத்திருந்தது.

“தம்பி கையில கட்டுறதுக்குத் தச்சேன். நீங்க முன்னாடியே வாங்கியிருப்பீங்க. வாங்கியிருந்தா வுட்டுடுங்க, அடுப்படியில கரித்துணிக்கு ஆவும்.”

“கையாலயா தச்ச? மெஷினுக்கு என்னா வந்துச்சு?”

“மெஷின்ல ஓரம் அடிச்சா கெட்டியா நிக்கும் அண்ணி. எண்ண பூசுன கையில ஒரசும். தம்பிக்கு மெத்துமெத்துன்னு கை.”

உன் கை எப்படியிருக்கும் என்று எனக்கு அவள் சொல்கிறாள். நான் “பாக்கலாம்” என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லி அதை வாங்கிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். என் துணியை அவளிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் அவள் விரல் முதலில் அந்த ஜரிகையைத்தான் தடவிப் பார்த்திருக்கும்.

அடுத்த வாரம் நீ குருமடத்திலிருந்து ஃபோன் செய்தாய். “அத்த வந்துச்சாம்மா?” என்றாய். வந்தாள் என்றேன். “ஏதாச்சும் குடுத்துச்சா?” என்றாய். “முந்திரி குடுத்துச்சு” என்றேன். “வேற?” என்றாய். “வேற என்னா குடுக்கும் அது?” என்றேன். பிறகு “சரிம்மா, ஒடம்ப பாத்துக்க” என்று வைத்துவிட்டாய். அவள் உன்னிடம் முன்பே சொல்லியிருப்பாள் என்பது எனக்கு ஃபோனை வைத்த பிறகுதான் உறைத்தது. நீ கேட்டது தெரிந்துகொள்வதற்காக இல்லை. நான் பொய்யில் நிற்பது தெரிந்ததும் மேலே ஒரு கேள்வி கேட்காமல் என்னை விட்டுவிட்டாய். நாளைக்குப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்து ஊர்ப் பாவத்தை எல்லாம் கேட்கப்போகிறவனிடம் பெற்ற தாய் சொன்ன பொய் அது. இதோ எழுதுகிறேன்: அத்தை துணி கொடுத்தாள். நான் மறைத்தேன். காரணம் பொறாமை.

இது நேற்று வந்த பொறாமை இல்லை. உன்னை ஆறாம் வகுப்புக்கு வரதராஜன்பேட்டையில் அவள் வீட்டில் விட்டபோது தொடங்கியது. விட்டது நானேதான். அப்பாவுக்கு ஷிப்டு வேலை, எனக்குப் பெரம்பலூரில் பள்ளிக்கூடம், அங்கே சாமியார்கள் நடத்தும் நல்ல பள்ளி, அத்தை வீடு பக்கத்தில். கணக்கு டீச்சர் போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது. வாரக் கடைசியில் பஸ் ஏறி வந்து உன்னைப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூர்க் கோயிலில் ஊர்ப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுத்துக்கொண்டிருந்தவள் நான். என் பிள்ளை பின்தங்கிவிடக் கூடாது என்று சனிக்கிழமையே வந்து உனக்குத் தனியாகப் பாடம் நடத்துவேன். திருவருட்சாதனங்கள் ஏழையும் சொல்லு. கட்டளைகள் பத்தையும் சொல்லு. நீ எல்லாவற்றையும் பிழையில்லாமல் சொல்லுவாய். ஒரு தடவை சொல்லி முடித்துவிட்டு, “எத்தன மார்க்கும்மா?” என்று கேட்டாய். நான் நூற்றுக்கு நூறு என்றேன். நீ கேலி செய்தாயா, நிஜமாகவே கேட்டாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சவரிமுத்து மாமா கதை உனக்கு நினைவிருக்கும். தேர்த் திருவிழாவில் யாரோ எதையோ சொல்லிவிட்டார்கள் என்று கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்ட ஆட்டுக்காரர். சாமியார் போய்க் கூப்பிட்டும் வரவில்லை. பிலோ அவரைக் கூப்பிடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் கொட்டகைக்குப் போய், அன்றைக்குச் சாமியார் பிரசங்கத்தில் என்ன சொன்னார் என்று சொல்லிவிட்டு வருவாள். அதையும் ஒழுங்காகச் சொல்லமாட்டாள். ஒருநாள், “நூறு ஆடு வச்சிருந்தாராம் மாமா. தொண்ணூத்தொம்போது காணாமப் போயிடுச்சாம். மிச்சமிருந்த ஒத்த ஆட்டக் கட்டிப்புடிச்சி அழுவுறாராம்” என்றாளாம். சவரிமுத்து மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏ புள்ள, தொண்ணூத்தொம்போத வுட்டவன் ஆட்டுக்காரனா? ஒண்ணுதான் காணாமப் போயிருக்கும். நீ தூங்கியிருப்ப.” அவள் விடவில்லை. “இன்னிக்குக் கோயிலுக்கு வந்த கூட்டத்தப் பாத்தா தொண்ணூத்தொம்போதுதான் சரியா வருது.” அடுத்த வாரம் அவர் வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தது சாமியாரிடம் அந்த ஆட்டுக் கணக்கைக் கேட்கத்தான். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் அவர் வராமல் இருந்ததில்லை. இன்றைக்கு அந்தத் தெருவில் வீடு வீடாகக் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தை அவர்தான் நடத்துகிறார்.

அந்தச் சனிக்கிழமை நான் வந்ததும் நீ ஓடிவந்து இதை நடித்தே காட்டினாய். ஆட்டுக்காரராகவும் நீயே, அத்தையாகவும் நீயே. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு மனிதன் ஆண்டவரிடம் திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொல்கிறான். நான் என்ன செய்தேன்? “அத்தை தப்பாகச் சொல்லியிருக்கிறாள். காணாமல் போனது ஒன்றுதான். எந்த நற்செய்தி, எத்தனையாவது அதிகாரம், சொல்லு பார்க்கலாம்” என்றேன். நீ சரியாகச் சொன்னாய். சொல்லும்போது உன் முகத்திலிருந்து சவரிமுத்து மாமா இறங்கிப் போய்விட்டார். மெஷினுக்குப் பின்னால் இருந்த பிலோ நூலைக் கடித்தாள். பிறகு ஒருநாள் நான் அவளைக் கேட்டேன், வேண்டுமென்றேதான் தப்பாகச் சொன்னாயா என்று. “எனக்கெங்கண்ணி அந்த அறிவு? நெசமாவே தூங்கிட்டேன்” என்றாள். அதையும் நான் நம்பவில்லை. அறிவு இருந்தால் எனக்குப் பொறாமை, இல்லாமல் அது நடந்திருந்தால் இன்னும் பொறாமை.

இன்னொரு நாள். அன்று பள்ளி சீக்கிரம் விட்டதால் வழக்கத்தைவிட முந்திய பஸ்ஸில் வந்துவிட்டேன். கதவு சாத்தியிருந்தது, ஜன்னல் திறந்திருந்தது. தைத்துப்போட்ட ஜாக்கெட் துண்டுகளுக்கு நடுவே நீயும் அவளும் முட்டிபோட்டு இருந்தீர்கள். நீ பேசிக்கொண்டிருந்தாய், மனப்பாடமாக இல்லாமல், பக்கத்தில் நிற்கிற ஆளிடம் பேசுகிற மாதிரி. “ஆண்டவரே, அம்மாவுக்கு பஸ்ஸுல ஜன்னலோரம் சீட்டு கெடைக்கணும். நோட்டு திருத்தித் திருத்தி அதுக்குக் கண்ணு வலிக்குது. அத நீதான் பாத்துக்கணும்.” உடனே பிலோ, “அப்புடியே எனக்கும் ஊசியில நூலு கோக்கக் கண்ணு தெரியணும்னு ஒரு வார்த்த போட்டு வுடுங்க சாமியாரே” என்றாள். அவள் உன்னை அப்போதே சாமியாரே என்றுதான் கூப்பிடுவாள். நீ சிரித்துக்கொண்டே அதையும் சேர்த்துச் சொன்னாய்.

என் பிள்ளை எனக்காக வேண்டிக்கொண்டிருக்கிறான். வேறு எந்தத் தாயாக இருந்தாலும் உள்ளே போய்ப் பக்கத்தில் முட்டிபோட்டிருப்பாள். எனக்கு வயிறு எரிந்தது. என்னிடம் நீ ஒருநாளும் அப்படி ஜெபம் செய்ததில்லை. என்னிடம் ஒப்பித்தாய், அவளிடம் பேசினாய். நான் தெருவுக்கு இறங்கி, செருப்புச் சத்தம் கேட்க நடந்து வந்து கதவைத் தட்டினேன். நீங்கள் எழுந்துவிட்டீர்கள். உள்ளே வந்து, பையைக் கீழே வைப்பதற்கு முன்பே, “விசுவாசப் பிரமாணம் சொல்லு” என்றேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நீ குருமடம் போகிறேன் என்றபோது முதலில் சொன்னது அவளிடம். எனக்கு அவள் வழியாகத்தான் வந்தது. நான் அவளோடு மூன்று மாதம் பேசவில்லை, நீ என்ஜினீயர் ஆகாததற்காக என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். போன வருடம் குருப்பட்டத்துக்கு முந்திய படியான திருத்தொண்டர் பட்டம் வாங்கிய அன்று நீ ஏற்புரையில், “மறையுண்மைகளை அம்மாவிடம் கற்றேன். ஆண்டவரைப் பிலோ அத்தை வீட்டில் பார்த்தேன்” என்றாய். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், எல்லோரையும்விடச் சத்தமாக. பின் பெஞ்சிலிருந்து என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் குனிந்து, “என்னா டீச்சர், பாடம் எடுத்தது நீங்க, மார்க்கு பூரா நாத்தனாருக்குப் போயிடுச்சே” என்று காதில் சொன்னாள். விளையாட்டுக்குத்தான். அன்று மத்தியானம் சாப்பாட்டில் எனக்கு உப்பு உறைப்பு தெரியவில்லை. பிறகு குருப்பட்ட அழைப்பிதழ் அச்சாகி வந்தது. பெற்றோர் பெயர் மட்டும் இருந்தது, அவள் பெயர் எங்கும் இல்லை. அதைப் பார்த்து எனக்கு வந்த நிம்மதியை எந்தச் சாமியாரிடமும் நான் இன்னும் சொல்லவில்லை.

இதையெல்லாம் ஏன் புதுக் குருவுக்கு எழுதுகிறேன் என்று கேட்பாய். உனக்கும் இது வரும், தம்பி. ஆண்டவர் கடைசியாகச் சொல்லி அனுப்பிய காரியம், போய் எல்லாரையும் சீடராக்குங்கள் என்பது. அதை வருடக்கணக்காகக் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பிள்ளைகளைச் சொல்ல வைத்தவள் நான். சீடராக்குவது என்றால் சொல்லிக்கொடுப்பது, சொன்னதைத் திரும்பக் கேட்பது, தப்பைத் திருத்துவது என்றே நினைத்திருந்தேன். அது வேண்டாம் என்று இப்போதும் சொல்லமாட்டேன். குருமடத்தில் முதல் வருடப் பரீட்சை எழுதிவிட்டு, “நீ சொல்லிக் குடுத்ததுதாம்மா வந்துச்சு” என்று ஃபோனில் சொன்னாய். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் ஓட்டினேன் தெரியுமா? ஆட்டின் எண்ணிக்கை சரியாகத் தெரிந்த ஒருவர் கோயிலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சவரிமுத்து மாமா வந்து கேட்கும்போது பதில் சொல்ல ஆளில்லை. ஆனால் நான் உன்னைச் சீடனாக்கும்போதெல்லாம் அந்தச் சீடன் என் பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன். பிலோ உன் தோளைப் பிடித்து எந்தப் பக்கம் திருப்பினாளோ, அந்தப் பக்கம் அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். உன் பார்வை அவள் மேல் இருக்கிறதா என்று அவள் சரிபார்க்கவே இல்லை.

உன்னை ஒரு பங்குக்கு அனுப்புவார்கள். மீன்சுருட்டிப் பக்கமோ, ரஞ்சன்குடிப் பக்கமோ, எங்கோ. ஒரு பையனை வீட்டுக்கு வீடு தேடிப் போய்க் கோயிலுக்குக் கூட்டி வருவாய். அவனுக்கு ஜெபம் சொல்லித் தருவாய், பள்ளிக் கட்டணத்துக்கு அலைவாய், அவன் அப்பன் குடித்துவிட்டு வந்தால் அவனுக்காக நடுவில் நிற்பாய். பிறகு உன்னை மாற்றுவார்கள். வேறொரு சாமியார் வருவார். நன்றாகப் பாடுவார், கிரிக்கெட் ஆடுவார். சில வருடம் கழித்து அந்தப் பையன் ஒரு மேடையில் நின்று, என்னை ஆண்டவரிடம் கொண்டுவந்தது அந்தச் சாமியார்தான் என்று அவர் பெயரைச் சொல்லுவான். உன் பெயர் அவனுக்கு ஞாபகம்கூட இருக்காது. அன்றைக்கு உன் வயிறு எரியும். எரியக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அப்போது உன் அம்மாவை நினைத்துக்கொள். அவள் கைதட்டியதை நினைக்காதே, அதில் ஒன்றுமில்லை. அந்தப் பையன் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறான் என்று மட்டும் பார். சரியான பக்கம் நிற்கிறான் என்றால் யார் திருப்பினால் என்ன என்று உனக்கு நீயே சொல்லிக்கொள். முதல் தடவை சொல்லும்போது நம்ப முடியாது. நான் இன்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றை நான் யோசித்துப் பார்த்தேன். உண்மையில் பிலோ மேலா எனக்குப் பொறாமை? உன்னை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டவர் அவளைவிடப் பெரியவர். அவரோடு சண்டை போட எனக்குத் தைரியமில்லை. அவர் மூன்று மாதம் பேசாமல் இருந்து தண்டிக்கக்கூடிய ஆள் இல்லை. அதனால் கைக்கெட்டிய நாத்தனாரைப் பிடித்துக்கொண்டேன். ஆண்டவர் சீடர்களை மலைக்கு வரவழைத்துப் போகச் சொன்ன அந்தக் கடைசிக் காட்சியில் எனக்கு ஓர் ஆறுதல் உண்டு. அந்த மலைமேல் அவரைப் பார்த்தவர்களில் சிலர் சந்தேகப்பட்டுக்கொண்டு நின்றார்களாம். நீங்கள் மட்டும் ஒதுங்கி நில்லுங்கள், மனம் தெளிந்ததும் வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. அவர்களையும் சேர்த்துத்தான் போகச் சொன்னார். சந்தேகத்தோடு போகலாம் என்றால் வயிற்றெரிச்சலோடும் போகலாம் என்று எடுத்துக்கொள்கிறேன். பாடப்புத்தகத்தில் இப்படி இல்லை. பரீட்சையில் யாராவது எழுதியிருந்தால் நானே சுழித்திருப்பேன்.

காலையில் நடந்ததை முடிக்காமல் விட்டேன். உன் அப்பா முடிச்சை அவிழ்த்ததும், இரண்டாவது துணியை நீட்டி, “இதையும் ஒரு தடவ கட்டுங்க” என்றேன். ஏன் என்று கேட்காமல் கட்டினார். அது கையில் இருப்பதே தெரியவில்லை. ஓரத்தைத் தடவிப் பார்த்தவர் நின்றுவிட்டார்.

“இது பிலோ தையலாச்சே. எப்ப குடுத்துச்சு?”

“போன மாசம்.”

“தம்பிகிட்ட சொன்னியா?”

“இல்ல.”

தங்கைக்காகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர், “பெத்தவ நீதான். நீ எத வச்சாலும் யாரு என்னா கேக்கப்போறா?” என்று சொல்லிவிட்டு, கட்டை அவிழ்த்து, நான்காக மடித்து என் மடியில் வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போய்விட்டார். யாரும் கேட்க மாட்டார்கள் என்பது உண்மைதான். பிலோவும் கேட்க மாட்டாள், கரித்துணிக்கு ஆகும் என்று அவளே சொல்லிவிட்டாள். நீயும் கேட்க மாட்டாய், கேட்டுவிட்டு விட்டுவிட்டாய். கேட்க ஆளே இல்லாத இடத்தில் என்னை எல்லோருமாக நிறுத்திவிட்டீர்கள்.

அடுப்பில் பால் வைத்துவிட்டு முடிவெடுத்தேன். உன் அப்பாவிடம் சொல்லவில்லை. சாமியாரிடம் சொல்லவில்லை. குருப்பட்டம் முடிந்து இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுக்கும்வரை உனக்கும் தெரியாது. அன்று உன் கையைக் கட்டுவதற்கென்று காணிக்கைத் தட்டில் நான் வைக்கப்போவது அவள் தைத்த துணி. ஜரிகை வைத்தது பீரோவிலேயே கிடக்கும், அது கரித்துணிக்குக்கூட ஆகாது. அவர்கள் கூப்பிட்டதும் நான் வருவேன். அவிழ்ப்பது நான்தான், அதை யாருக்கும் விடமாட்டேன். உன் கையை முதலில் முத்தமிடுவதும் நான்தான். பிறகு துணியை எடுத்துக்கொண்டு என் இடத்துக்குப் போகாமல், பெண்கள் பக்கத்தில் அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாளோ அங்கே போய் அதை அவள் மடியில் வைக்கப்போகிறேன். அவள் கண்ணை மூடிப் போகிறபோது அது அவள் கையில் இருக்கட்டும். அவளும் ஒன்றைக் காட்ட வேண்டுமே.

அவள் என்ன சொல்லுவாள் என்று எனக்குத் தெரியும். “எனக்கெதுக்குங்க அண்ணி, நீங்கல்ல பெத்தவுங்க, புடிங்க” என்று எழுந்து நின்று நீட்டுவாள். அவள் அப்படிச் சொல்ல வேண்டும் என்று என் மனதில் பாதி இப்போதே வேண்டிக்கொண்டிருக்கிறது. அவள் சொல்லுக்காகவே காத்திருந்து, ஊர் பார்க்க வாங்கிக்கொண்டு திரும்பி வரக்கூடியவள் நான். என்னை எனக்குத் தெரியும். அதனால் துணி அவள் மடியைத் தொட்ட அந்த நிமிடமே என் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வேன். அவள் எவ்வளவு நேரம் நீட்டிக்கொண்டு நின்றாலும், கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தாலும், அவிழ்க்க மாட்டேன்.